வயிறு என்ன சொல்லுது, கண்ணு? சாப்பாட்டு நேரப் பேச்சுக்குச் சில குறிப்புகள்

தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. மதியம் ஆனதும் ஒவ்வொன்றிலும் பாய் விரிப்பார்கள், தட்டுகள் வரும், இரண்டு வயது முதல் ஐந்து வயது வரையிலான பிள்ளைகள் கை கழுவிவிட்டு வரிசையாக உட்காருவார்கள். பரிமாற ஓர் ஆயாம்மா, கவனிக்க ஒரு டீச்சர். ஒவ்வொரு பிள்ளையையும் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, காக்கா காட்டி, நிலா காட்டி ஊட்ட அங்கே யாருக்கும் கை ஒழியாது. டீச்சரிடம் இருப்பது பேச்சு மட்டும்தான். அதை வைத்தே பந்தியை நடத்த வேண்டும்.

“அங்கே சமத்தாச் சாப்பிடுறான், வீட்டுலதான் ஒரு மணி நேரம் போராட்டம்” என்று சொல்லாத அம்மாக்கள் குறைவு. கூட உட்காரும் பிள்ளைகள் அதற்கு ஒரு காரணம். இன்னொரு காரணம், நல்ல டீச்சர் அந்த நேரத்தில் எதைச் சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்பது. எல்லா டீச்சரும் இதில் தேர்ந்தவர்கள் என்று சொல்லமாட்டேன். அதட்டும் குரல்களும் அங்கே உண்டு. ஆனால் தேர்ந்தவர்களின் பேச்சுக்கு அடியில் ஒரு தெளிவு இருக்கிறது. என்ன சமைப்பது, எப்போது சாப்பிடுவது, எங்கே உட்காருவது எல்லாம் பெரியவர் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது என்பது பிள்ளையின் வயிற்றுக்கு விட்டுவிட வேண்டியது. எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் நீண்ட காலமாக வலியுறுத்திவரும் பங்கீடு இது. கீழே உள்ள குறிப்புகளில் பெரும்பாலானவை இதிலிருந்து கிளைத்தவை. வீட்டில் சோறு போடுகிற யாருக்கும் உதவும்.

1. முதலில் நீங்கள் உட்காருங்கள்.

நின்றுகொண்டு பேசினால் வாயில் ஏவல்தான் வரும். “சிந்தாதே”, “சீக்கிரம்”, “அங்க என்ன பார்வை?” பிள்ளையின் கண்மட்டத்துக்கு இறங்கி உட்கார்ந்ததும் குரல் தானாகத் தாழ்கிறது, பேச்சு பேச்சாகிறது. முடிந்தால் உங்களுக்கும் ஒரு தட்டு வைத்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் தனியே சாப்பிடும் அம்மா, தன் பிள்ளையோடு பேசக் கிடைத்த நல்ல நேரத்தைக் கரண்டியோடு நின்றே கழித்துவிடுகிறார். வீட்டில் மற்றவர்கள் எழுந்து பரிமாறப் பழகினால் இது சரியாகும்.

2. கேள்வியை வயிற்றின் பக்கம் திருப்புங்கள்.

பாலர் பள்ளிகளில் சாப்பாட்டு நேரத்தில் பெரியவர்கள் என்னென்ன சொல்கிறார்கள் என்பதைப் பதிவு செய்து ஆராய்ந்த அமெரிக்கக் கட்டுரை ஒன்று 2010இல் வெளிவந்தது. “முடிச்சிட்டியா?”, “இன்னும் வேணுமா?” போன்ற கேள்விகள்தான் அங்கே மிகுதியாக இருந்தன. பசி, நிறைவு என்ற பேச்சே அபூர்வம். நம் வீடுகளிலும் இதே கதைதான்.

மாற்றம் மிகச் சின்னது. “இன்னும் வேணுமா?” என்பதற்குப் பதில் “இன்னும் பசிக்குதா?” என்று கேளுங்கள். “முடிச்சிட்டியா?” என்பதற்குப் பதில் “வயிறு நிறைஞ்சிடுச்சா?” முதல் வகைக் கேள்வி பிள்ளையைத் தட்டைப் பார்க்க வைக்கிறது. இரண்டாவது வகை தன் உடம்பைக் கவனிக்க வைக்கிறது. மூன்று வயதுப் பிள்ளைக்கு வயிறு நிறைவது என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும். சாப்பிட உட்காரும்போது வயிற்றில் கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், எழும்போது மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். “இப்ப எப்படி இருக்கு?” என்று கேளுங்கள். சில நாளிலேயே பிள்ளை தானாகச் சொல்லத் தொடங்கும்.

இரண்டு வாய் வாங்கிவிட்டு, வாசலில் நாய்க்குட்டியைப் பார்த்ததும் “போதும்” என்று எழும் பிள்ளைக்கு என்ன செய்வது? “நாய்க்குட்டி எங்கேயும் போகாது. கொஞ்சம் உட்கார்ந்து வயிறு என்ன சொல்லுதுன்னு கேட்டுட்டு எழுந்திரு” என்று ஒரு முறை சொல்லுங்கள். மறுபடியும் “போதும்” என்றால் நம்புங்கள். அடுத்த வேளைச் சாப்பாடு வரத்தான் போகிறது. நடுவில் பிஸ்கட் பாக்கெட்டை நீட்டாமல் இருப்பது மட்டும் உங்கள் வேலை.

3. “ஒரே ஒரு வாய்” என்று கெஞ்சுவதை நிறுத்துங்கள்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு மக்காச்சோள சூப், பூசணி சூப் இரண்டும் கொடுத்து ஒரு சோதனை நடத்தினார்கள். 2006இல் அது வெளியானது. ஒரு சூப்பைக் கொடுக்கும்போது “குடிச்சு முடி” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இன்னொன்றைக் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. வற்புறுத்திய சூப்பைப் பிள்ளைகள் குறைவாகக் குடித்தார்கள், அதைப் பற்றிக் குறையாகவும் அதிகம் பேசினார்கள். அங்கே யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. சொன்னதையே சொன்னதுதான் வற்புறுத்தல்.

எடை குறைந்த பிள்ளைக்கும் இது பொருந்துமா என்ற கவலை நியாயமானது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஊக்கம் தேவை. சிறு பிள்ளைகளுக்கு உணவூட்டுவது பற்றி உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும் மெதுவாக, பொறுமையாக, ஊக்கப்படுத்தி ஊட்டச் சொல்கிறது. கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்கிறது. வற்புறுத்த வேண்டாம் என்றும் கூடவே சொல்கிறது. ஆகவே வேளைகளைக் கூட்டுங்கள், சோற்றில் ஒரு ஸ்பூன் நெய்யோ எண்ணெயோ சேருங்கள். வாயைத் திறந்து திணிப்பதால் எடை ஏறாது. சோற்றுத் தட்டைக் கண்டாலே ஓடும் பழக்கம்தான் ஏறும்.

4. காலித் தட்டுக்குக் கைதட்ட வேண்டாம்.

“வெரி குட், தட்டைக் காலி பண்ணிட்டியே!” என்ற பாராட்டு அன்பில்தான் வருகிறது. ஆனால் பசி அடங்கிய பிறகும் பாராட்டுக்காகச் சாப்பிடப் பிள்ளை கற்றுக்கொள்கிறது. கூடவே, வயிறு நிறைந்து பாதியில் நிறுத்திய பிள்ளை ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல் விழிக்கிறது.

சோற்றை வீணாக்கக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். பஞ்சம் பார்த்த பாட்டி தாத்தாக்கள் இருந்த வீடுகளில் ஒரு பருக்கை கீழே விழுந்தாலும் எடுத்து வைப்பார்கள். அந்த மரியாதை போகவே கூடாது. அதைக் காப்பாற்ற வேண்டியது பிள்ளையின் வயிறு அன்று, பரிமாறும் கை. முதலில் ஒரு சின்னக் கரண்டி சோறு, இரண்டு துண்டு காய். பசித்தால் மறுபடி கேட்கட்டும். கேட்டு வாங்கிச் சாப்பிட்ட பிள்ளையின் தட்டில் மிச்சம் இருப்பது குறைவு.

பாராட்ட வேண்டும் என்று மனம் துடித்தால் வேறு எவ்வளவோ இருக்கிறது. “டம்ளரை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டியே”, “தங்கச்சிக்குத் தட்டை நகர்த்திக் கொடுத்தியே”, “ரசத்தை நீயே பிசைஞ்சிட்டியே” என்று பார்த்ததைச் சொல்லுங்கள். அளவைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டாம்.

5. லஞ்சமும் வேண்டாம், பூச்சாண்டியும் வேண்டாம்.

“கீரை சாப்பிட்டா சாக்லேட் தர்றேன்” என்ற ஒரே வாக்கியத்தில் இரண்டு பாடம் இருக்கிறது. கீரை சகித்துக்கொள்ள வேண்டியது. சாக்லேட் ஆசைப்பட வேண்டியது. பிள்ளை இரண்டையும் கற்றுக்கொள்ளும். லீன் பர்ச் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், புதுச் சுவையுள்ள பால் பானத்தைக் குடித்தால் பரிசு என்று சொல்லப்பட்ட பிள்ளைகளுக்கு நாளடைவில் அந்தப் பானத்தின் மேல் விருப்பம் குறைந்தது. பரிசுக்குப் பதில் பாராட்டு கிடைத்த பிள்ளைகளுக்கும் அப்படியே.

அமெரிக்க அரசு 1965இல் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய ‘ஹெட் ஸ்டார்ட்’ பாலர் திட்டத்தின் விதிகளில், உணவைப் பரிசாகவோ தண்டனையாகவோ பயன்படுத்தக்கூடாது, முழுவதையும் சாப்பிட்டே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தக்கூடாது என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். நம் சமையலறைச் சுவரிலும் எழுதி ஒட்டத் தகுந்த விதி.

போலீஸ் வருவார், டாக்டர் ஊசி போடுவார் என்று பயமுறுத்துவது அன்றைக்கு நாலு வாய் உள்ளே போக உதவலாம். பிறகு காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரி போகும்போது அந்தப் பயத்தைச் சுமப்பது பிள்ளைதான்.

6. ஒப்பிட்டுப் பேசாதீர்கள். சேர்த்து உட்கார வையுங்கள்.

“அவளைப் பாரு, எவ்வளவு சமத்தா சாப்பிடுறா” என்றதும் ஒரு பிள்ளை கூனிக் குறுகுகிறது, இன்னொரு பிள்ளை தேவையில்லாமல் நிமிர்கிறது. சோற்றின் மேல் யாருக்கும் ஆசை கூடுவதில்லை.

சேர்ந்து சாப்பிடுவதற்கு இருக்கும் பலம் வேறு. 1980இல் பர்ச் செய்த இன்னொரு ஆய்வில், ஒரு காய்கறியை விரும்பாத பிள்ளையை, அதை விரும்பிச் சாப்பிடும் பிள்ளைகளோடு மதியச் சாப்பாட்டுக்கு உட்கார வைத்தார்கள். சில நாளிலேயே அந்தப் பிள்ளையும் அதே காயை எடுக்கத் தொடங்கியது. யாரும் யாரையும் சுட்டிக் காட்டவில்லை. அண்ணன் தங்கை, அத்தை பிள்ளை, பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று யார் இருந்தாலும் ஒரே பாயில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் வாயை மூடிக்கொள்ளலாம். “யார் முதல்ல முடிக்கிறாங்க பாப்போம்” என்ற பந்தயமும் வேண்டாம். மெல்லாமல் விழுங்கத்தான் அது பழக்கும்.

7. ஆசையாகச் சாப்பிடுங்கள், வாய்விட்டும் சொல்லுங்கள்.

2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், பாலர் பள்ளி டீச்சர்கள் புது உணவைப் பிள்ளைகள் முன்னால் பேசாமல் சாப்பிட்டுக் காட்டினார்கள். பலனில்லை. மாம்பழம் எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்பதுபோல் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே சாப்பிட்டபோது பிள்ளைகளும் எடுத்துச் சாப்பிட்டார்கள். ஆனால் பக்கத்துப் பிள்ளை வேறு உணவை ரசித்துச் சாப்பிட்டால் டீச்சரின் உற்சாகம் எடுபடவில்லை! பிள்ளைகள் உலகத்தில் யாருடைய வார்த்தைக்கு மதிப்பு என்பது இதிலேயே தெரிகிறது.

நடிக்க வேண்டாம். உங்களுக்கு உண்மையிலேயே பிடித்ததைச் சொல்லுங்கள். அப்பா பாகற்காயைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினால், அம்மா எவ்வளவு உற்சாகமாகப் பேசினாலும் பிள்ளை அப்பாவின் தட்டைத்தான் பார்க்கும்.

8. சுவைக்கும் பதத்துக்கும் வார்த்தை கொடுங்கள்.

“நல்லா இருக்கா?” என்று கேட்டால் “ம்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். சாப்பாட்டைப் பற்றிப் பேச நம்மிடம் கொட்டிக் கிடக்கும் சொற்களைப் பிள்ளைக்கு ஊட்டுவதற்கு இதைவிட நல்ல வேளை கிடையாது. அப்பளம் மொறுமொறு என்று இருக்கிறது. வெண்டைக்காய் வழுவழுவென்று வழுக்குகிறது. வாழைப்பூ துவர்க்கிறது. நெல்லிக்காயைத் தின்று தண்ணீர் குடித்தால் தண்ணீரே இனிக்கிறது. எலுமிச்சை சாதம் பல் கூசப் புளிக்கிறதா, இல்லை இதமாகப் புளிக்கிறதா? முட்டையின் வெள்ளை வழுக்குகிறது, மஞ்சள் கரு மாவாக உதிர்கிறது. வேகவைத்த உருளைக்கிழங்கை விரலால் அழுத்தினால் மசிகிறது; பச்சைக் கேரட்டை அழுத்தினால் மசியுமா?

சாப்பிடச் சொல்லாமல், கவனிக்கச் சொல்லும் பேச்சு இது. வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிய பிள்ளைகூட முகர்ந்து பார்க்கும், தொட்டுப் பார்க்கும், கடித்துப் பார்த்துச் சத்தம் கேட்கும். முருங்கைக்காயைச் சப்பித் துப்பினாலும் அது ஒரு முன்னேற்றம்தான். கடித்த சத்தம் யாருடையது பெரிசு என்று பச்சை வெள்ளரியை வைத்து விளையாடிய வகுப்பில் வெள்ளரிக்கு ஆள் பற்றாக்குறை வராது.

9. “பலம் வரும்” என்று விற்காதீர்கள்.

கண்ணுக்கு நல்லது, எலும்புக்கு நல்லது, மூளை வளரும் என்று நாம் அடுக்குவதெல்லாம் பெரியவர்களுக்கான காரணங்கள். 2014இல் சிகாகோ ஆய்வாளர்கள் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லி இதைச் சோதித்தார்கள். பிஸ்கட்டோ கேரட்டோ சாப்பிட்டால் பலம் வரும், எண்ணவும் படிக்கவும் வரும் என்று கதையில் கேட்ட பிள்ளைகள் குறைவாகச் சாப்பிட்டார்கள். ருசியாக இருக்கும் என்று கேட்டவர்களும், ஒன்றுமே கேட்காதவர்களும் அதிகம் சாப்பிட்டார்கள். ஒரு பொருளுக்கு இத்தனை சிபாரிசு தேவைப்படுகிறது என்றால் ருசி இருக்காது என்று அந்த வயதிலேயே கணக்குப் போட்டுவிடுகிறார்கள்.

10. தட்டைத் தாண்டியும் பேசுங்கள்.

எனக்கு மிக முக்கியமாகப் படும் குறிப்பு இதுதான். கேத்தரின் ஸ்னோ, டேவிட் டிக்கின்சன் முதலானோர் பாஸ்டன் வட்டாரத்தில் வசதி குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளை மூன்று வயதிலிருந்து பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 2001இல் அது புத்தகமாக வந்தது. வீட்டுச் சாப்பாட்டு நேர உரையாடல்களையும் பதிவு செய்திருந்தார்கள். அன்றாடம் புழங்காத அரிய சொற்கள் அந்தப் பேச்சில் நிறையவே வந்தன. அப்படிச் சொற்களைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளின் சொல்வளம் பின்னாளில் கூடுதலாக இருந்தது. அங்கே யாரும் பாடம் நடத்தவில்லை. நடந்ததைச் சொன்னார்கள், ஏன் என்று விளக்கினார்கள், அவ்வளவுதான்.

நம் வீட்டில் எப்படித் தொடங்குவது? முருங்கைக்காய் சாம்பாரா? “நேத்து மாமா தொரட்டியால பறிச்சப்ப கிளை முறிஞ்சுதே, ஏன் முறிஞ்சுது?” மரம் பற்றி, கிளை பற்றி, காற்று பற்றிப் பேச்சு போகும். மீன் குழம்பா? மீன் எந்தச் சந்தையிலிருந்து வந்தது, ஏன் ஐஸில் போட்டிருந்தார்கள்? காலையில் அங்கன்வாடியில் யார் அழுதார்கள், ஏன் அழுதார்கள்? நாளைக்கு ஆச்சி வீட்டுக்குப் போனால் முதலில் என்ன செய்வோம்? நேற்று நடந்ததையும் நாளை நடக்கப்போவதையும் கோர்த்துச் சொல்லப் பழகும் பிள்ளைக்குப் பின்னால் கதை படிப்பதும் சுலபமாகிறது.

“இது என்ன கலர்? எத்தனை இருக்கு?” என்று பரீட்சை வைப்பதை மட்டும் தவிருங்கள். விடை தெரிந்துகொண்டே கேட்கும் கேள்வி என்பது பிள்ளைக்கும் தெரியும்.

11. கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு வாக்கியம் சேர்க்க நேரம் பிடிக்கும். வாயில் சோறு வேறு. மென்று விழுங்கட்டும், யோசிக்கட்டும். நடுவில் நீங்களே பதிலைச் சொல்லிவிடாதீர்கள்.

வாய் நிறைய உணவு இருக்கும்போது சிரிக்க வைப்பதும், ஓடிக்கொண்டே சாப்பிட விடுவதும் ஆபத்து. மூச்சுக் குழாயில் அடைத்துக்கொள்ளலாம். சிறு பிள்ளைகளுக்கு முழு வேர்க்கடலை கொடுக்கக் கூடாது. திராட்சையை நீளவாக்கில் நறுக்கிக் கொடுங்கள்.

12. “எனக்குப் பிடிக்கல” என்றால் வாதாட வேண்டாம்.

இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுவரை புது உணவைக் கண்டு மிரள்வது இயல்பு. ஒரு சுவை பழகுவதற்கு எட்டு முதல் பதினைந்து முறைகூட அதைச் சந்திக்க வேண்டியிருக்கலாம். பெரும்பாலான வீடுகளில் மூன்றாவது தடவையிலேயே “இவனுக்குச் சுரைக்காய் ஆகாது” என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். விருந்தாளி முன்னால் அதைச் சொல்லும்போது பிள்ளையும் கேட்டுக்கொண்டிருக்கிறது. அடுத்த முறை அந்தப் பெயரைக் காப்பாற்றவே சுரைக்காயை ஒதுக்கும்.

“இன்னைக்குப் பிடிக்கல, சரி. தட்டுல ஓரமா இருக்கட்டும்” என்றால் போதும். “இன்னும் பழகல” என்றும் சொல்லலாம். மறுப்பதற்கும் நல்ல வார்த்தை கற்றுக்கொடுங்கள். “ச்சீ” என்று தள்ளுவதற்குப் பதில் “எனக்கு இப்ப வேண்டாம்மா” என்று சொல்லிய பிள்ளையின் பேச்சுக்கு மதிப்புக் கொடுத்துத் தட்டை நகர்த்துங்கள். மதிப்பார்கள் என்று தெரிந்தால்தான் அடுத்த முறையும் அந்த வார்த்தை வரும்.

13. சிந்தினால் வேலை சொல்லுங்கள், திட்டாதீர்கள்.

“துணி எடுத்துட்டு வா, சேர்ந்து துடைக்கலாம்.” இதற்குமேல் ஒரு சொல்லும் தேவையில்லை.

14. தானே எடுத்துப் போட விடுங்கள்.

சூடான சாம்பாரை நீங்கள்தான் ஊற்ற வேண்டும். தயிர், பொரியல், சுண்டல், வாழைப்பழத் துண்டு இவற்றைப் பிள்ளையே எடுத்துக்கொள்ளலாம். “உனக்கு எத்தனை கரண்டி?”, “அண்ணனுக்கும் மிச்சம் இருக்கா பாரு” என்ற பேச்சு அப்போது இயல்பாகவே வரும். ஊட்டிவிடுவதைத் திடீரென்று நிறுத்த வேண்டியதில்லை. பாதி நீங்கள், பாதி பிள்ளை என்று தொடங்கி மெல்ல விலகலாம்.

15. போனை வேறு அறையில் வையுங்கள்.

பிள்ளையின் போனை மட்டுமல்ல, உங்களுடையதையும். திரையைப் பார்த்துக்கொண்டு வாய் திறக்கும் பிள்ளைக்குத் தான் என்ன சாப்பிட்டது என்றும் தெரியாது, எப்போது நிறைந்தது என்றும் தெரியாது. முதல் சில வேளை அழுகை இருக்கும். அந்த நேரத்தில் ஏதாவது கதை சொல்லிக்கொண்டிருங்கள்.

16. அழைத்துப் போகும்போது வேறு கேள்வி கேளுங்கள்.

வாசலில் செருப்பைப் போடும்போதே “முழுசாச் சாப்பிட்டானா டீச்சர்?” என்று பெற்றோர் கேட்கிறார்கள். தினமும் அதையே கேட்டால், காலித் தட்டைக் காட்டுவதுதான் தன் வேலை என்று டீச்சரும் நினைக்கத் தொடங்குவார். அதற்குப் பதில் “இன்னைக்குச் சாப்பிடும்போது என்ன பேசினான்?” என்று கேட்டுப் பாருங்கள். டீச்சருக்குச் சொல்ல வேண்டியதும் உங்களிடம் இருக்கிறது. காலையில் தாமதமாக இட்லி சாப்பிட்டது, ராத்திரி காய்ச்சல் அடித்தது, இரண்டு நாளாக மலச்சிக்கல், வீட்டில் யாரோ ஊருக்குப் போனது, இதெல்லாம் மதியச் சாப்பாட்டைப் பாதிக்கும்.

மாதா மாதம் அங்கன்வாடியில் எடை போடும்போது அதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எடை ஏறாமல் நின்றாலோ, விழுங்கும்போது அடிக்கடி இருமினாலோ, முன்பு சாப்பிட்டவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக விட்டுவிட்டு இரண்டு மூன்று பொருள்களுக்குள் சுருங்கினாலோ பேச்சு மட்டும் போதாது. அந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டு குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.